எம்.எல்.ஏ. எழுதிக் கொடுத்த கடிதம்

1

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. இன்னும் திறக்காத உணவகத்தின் கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தது.

ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய இரண்டாண்டுக் கல்லூரியில் மாணவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு நவம்பரிலும் முன்னாள் படைவீரர்களுக்கான நாளன்று, எங்கள் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எங்கள் கல்லூரி உணவகத்தில் அவர்களுக்குக் காலை உணவு கொடுப்பார். உணவு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு, மறுபடி படிக்க விரும்புகிறவர்களின் விண்ணப்பங்களை அவரும் இரண்டு உதவியாளர்களும் நிரப்பிக் கொடுப்பார்கள். நான் காபி ஊற்றுவேன். வந்த முதல் வருடம் உதவிக்கு வருகிறவர்களுக்கான பட்டியல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். மறுக்கலாம் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருடமாக ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நவம்பரில் கதவைத் தட்டியவருக்கு எழுபது வயதிருக்கும். வெல்டிங் படிக்க வேண்டும் என்றார். உறையிலிருந்து ராணுவ விடுவிப்புத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பளபளப்பான பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்த தாள்.

என் வாயிலிருந்து தமிழில் "ஐயோ" என்று வந்துவிட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். உதவியாளர் அந்தத் தாளை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்தார். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. இங்கே அந்தத் தாளில் யாரும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. முத்திரை குத்த வேண்டியதும் இல்லை.

அந்த "ஐயோ" எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

2

இந்த வருடம் ஜூன் மாதம் மூன்று வாரம் சென்னைப் புறநகரான நூம்பலில், தங்கை சுமதி வீட்டில் இருந்தேன். வேலப்பன்சாவடியில் இறங்கி நடந்தால் கால் மணி நேரம். சுமதியின் மாமனார் நெல் பயிரிட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. மீந்த துண்டில் இவர்கள் வீடு. அவள் கணவர் ஏழுமலை ராணுவத்தில் பதினேழு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் காவலர்களுக்கு மேற்பார்வையாளர். அவர்களின் ஒரே மகள் பவித்ரா பிளஸ் டூ முடித்திருந்தாள்.

பவித்ராவுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் வேண்டும். அவளுடைய கட் ஆஃபுக்குப் பொது வரிசையில் அது கிடைக்காது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கிடைக்கும். அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். நான் போய் இறங்கியது அதற்கு முந்தைய வாரச் செவ்வாய்.

சான்றிதழுக்கு அடிப்படை, டிஸ்சார்ஜ் புக். ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கும் சிறு புத்தகம். பெயர், எண், பதவி, நடத்தை, ரத்த வகை, குடும்பம் எல்லாம் அதில் இருக்கும். பவித்ரா பிறந்தது ஏழுமலை ஓய்வு பெற்ற மறு வருடம். ஆகவே புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. இரண்டு வருடம் முன்பே விண்ணப்பித்து, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசிலிருந்து மகள் பெயரைச் சேர்த்ததற்கான சீட்டை வாங்கி வைத்திருந்தார். அதைப் புத்தகத்தில் ஒட்டி, மாவட்ட அதிகாரி அதன்மேல் முத்திரை வைக்க வேண்டும். அவ்வளவுதான் மிச்சம் என்று எல்லோரும் நினைத்தோம்.

3

வியாழன் காலை பூந்தமல்லியில் திருவள்ளூர் பஸ் பிடித்தோம். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். வீட்டில் அதிகம் படித்தவன், வெளிநாட்டில் பதிவேடுகளோடு இருப்பவன் என்ற மரியாதையில் பேனாவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பவித்ராவின் பிறந்த தேதியை அமெரிக்க வழக்கத்தில் மாதத்தை முதலில் போட்டு எழுதியிருக்கிறேன். எழுத்தர் அதைப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்தார்.

"நூம்பல்," என்றேன்.

"நூம்பல்ல பத்தொம்பதாவது மாசம் ஒண்ணு இருக்கா சார்?"

ஏழுமலை பேனாவை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இன்னா மச்சான், அமெரிக்காவுல இருந்து வந்துகீற, ஒரு ஃபாரம் ரொப்பத் தெரில."

புதுப் படிவம் வாங்கி எழுதினோம். எழுத்தர் டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டார். ஏழுமலை பட்டுத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தார். எழுத்தர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். அது அட்டை போலத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகக் கழற்றி லேமினேட் செய்து, ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டியிருந்தது. ரெக்கார்ட் ஆபீஸ் சீட்டைக் கேட்டார். அதுவும் லேமினேட் ஆகியிருந்தது.

பசை பிடிக்காது, முத்திரை மை நிற்காது, கழற்றிக் கட்டிய ஆவணத்தை அசல் என்று எப்படிச் சான்றொப்பம் செய்வது என்று அவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை. என் கல்லூரியில் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். நகல் புத்தகம் கேட்டு எழுதலாம், ஆனால் புதனுக்குள் வராது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பவித்ரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லியில் இறங்கும்போது அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இதை யார் செய்யச் சொன்னது?

ஏழுமலை சொன்ன பதில்தான் விஷயம். நாலு வருடத்துக்கு முன், தேர்தலில் ஜெயித்த புதிதில், நூம்பல் பகுதி எம்.எல்.ஏ. முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்யும் விழாவில் இலவச லேமினேஷன் முகாம் நடத்தினார். சால்வை, காலை டிபன், புத்தகத்துக்குப் பிளாஸ்டிக். முந்தைய மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி ஆவணங்கள் நனைந்திருந்ததால் எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். ஏழுமலைக்கு அது பிடித்துப்போய், பிறகு வந்த சீட்டையும் தானே கடையில் கொடுத்துவிட்டார்.

"பதினேழு வருஷ சர்வீசு அதுல கீது. பத்திரமா வெச்சிக்கணும்னு நெனச்சது தப்பா?" என்றார்.

4

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சூடு காட்டினால் பிளாஸ்டிக் உரியும் என்று கைபேசியில் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தார். சுமதி இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தேவையில்லாத பக்கத்தில் முதலில் முயன்று பார்க்கலாம் என்று ரத்த வகை இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் இஸ்திரி. ஓரம் லேசாகத் தூக்கியது. ஏழுமலை பிடித்து மெல்ல இழுத்தார். பிளாஸ்டிக்கோடு தாளின் மேல்தோலும் வந்தது. 'ஓ பாசிட்டிவ்' என்பதில் 'பாசிட்டிவ்' பிளாஸ்டிக்கில் போய்விட்டது.

சுமதி இஸ்திரியின் சுவிட்சை அணைத்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் உட்டா உங்க பேரையும் உரிச்சி எடுத்துடுவீங்க," என்றாள்.

இரவு உணவின்போது ஏழுமலை ஒரு முடிவைச் சொன்னார். நாளை சனிக்கிழமை, எம்.எல்.ஏ. ஆபீசில் முன்னாள் படைவீரர்களைப் பார்க்கும் நாள். ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிவிடலாம்.

5

எம்.எல்.ஏ.வின் பெயரையும் கட்சியையும் எழுதப்போவதில்லை. தேர்தல் நேரத்தில் இது யார் கையிலும் நோட்டீஸ் ஆக வேண்டாம். இதை மட்டும் சொல்லலாம்: அரசியலுக்கு வருமுன் பெண்கள் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தியவர். வயது ஐம்பதுக்கு மேல். பகுதியில் அவரை 'டீச்சரம்மா' என்கிறார்கள்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் இருந்தவன். மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்கள் எனக்குப் புதியவை அல்ல. வாசலில் செருப்புகளின் எண்ணிக்கையை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு சொல்ல முடியும். அங்கே செருப்புகள் நிறைய இருந்தன, ஒழுங்காக ஜோடி சேர்த்து, ஒரே நேர்கோட்டில். ராணுவக்காரர்கள் கழற்றியவை.

உள்ளே மூன்று மேசைகள். ஒன்றில் கல்லூரி மாணவிகள் இருவர், கல்விக் கடன் படிவங்களோடு. இன்னொன்றில் ஜெயராஜ் என்ற ஓய்வுபெற்ற சுபேதார். ராணுவத்தில் எழுத்தராக இருந்தவர். வேலூர்ப் பக்கம் சொந்த ஊர், அயனம்பாக்கத்தில் பிளாட்டில் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் வந்து ஓய்வூதியச் சிக்கல்களைப் பார்த்துக் கொடுப்பவர். மூன்றாவது மேசையில் எம்.எல்.ஏ. அவருக்குப் பின்னால் நின்றவர் வட்டச் செயலாளர் பாபு.

ஏழுமலை விறைப்பாக நின்று விஷயத்தைச் சொன்னார். முகாமைப் பற்றிச் சொல்லாமல் விட்டார். சிபாரிசுக் கடிதம் மட்டும் கேட்டார். எம்.எல்.ஏ. புத்தகத்தைக் கையில் வாங்கினார். பக்கங்களைத் திருப்பினார். கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கயிறு நான் வாங்கினது," என்றார்.

பாபு குனிந்து, அன்றைக்கு எல்லோரும் விரும்பித்தான் கொடுத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னார். ஏழுமலையும் அதற்கு ஒத்துக்கொண்டு, சீட்டைத் தானேதான் கடையில் கொடுத்தேன் என்றார். எம்.எல்.ஏ. இருவரையும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜெயராஜைக் கூப்பிட்டார். இந்த மாதிரி வேறு புத்தகங்கள் வந்தனவா என்று கேட்டார். போன மாதம் இரண்டு வந்தன, ஓய்வூதிய விஷயம், அவசரமில்லை என்று தள்ளி வைத்தேன் என்றார் ஜெயராஜ்.

"வழி இருக்கா சார்?"

"இருக்கு மேடம்." ஜெயராஜ் ஏழுமலையின் புத்தகத்தை மூடி மேசைமேல் நேராக வைத்தார். "ஒவ்வொரு ஜவானுக்கும் ரெக்கார்ட் ஆபீஸ்ல ஒரு ஷீட் இருக்கும். புக் எரிஞ்சு போனாலும் அது இருக்கும். இவர் பொண்ணு பேரு அதுல ஏறியாச்சு. மாவட்ட அதிகாரி மெயில்ல கேட்டா, கையெழுத்துப் போட்டு உறுதி பண்ணி அனுப்புவாங்க. அதை வெச்சு சர்டிபிகேட் தரலாம். ஆனா புக்கை எதுக்குப் பிரிச்சாங்க, யார் பிரிச்சாங்கன்னு எழுத்துல இல்லாம அவர் எப்படிக் கேப்பாரு? எதையோ மாத்தி எழுதிட்டு மறைக்கிறாங்கன்னு சந்தேகம் வரும்ல?"

"யார் எழுதிக் கொடுக்கணும்?"

"பிரிச்சவங்க."

அறையில் இருந்த எல்லோரும் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்கள். பாபு இந்த முறை குனியவில்லை.

"எழுத்துல குடுத்தா நாளைக்கே போஸ்டர் அடிச்சி ஒட்டிடுவானுங்கம்மா. வாயால சொல்லிக்கலாம், நானே கூடப் போறேன்."

"வாயால சொன்னா இந்தப் பொண்ணுக்குச் சீட்டு வருமா பாபு?"

பாபு பக்கத்து அறைக்குப் போய் ஒரு வரைவைத் தட்டச்சு செய்து எடுத்து வந்தார். எம்.எல்.ஏ. அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பத்திரிகையில் இருந்தவர் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார், பாருங்கள் என்றார். படித்தேன். நாலு வரி. முகாமில் 'சிலர் தாங்களாகவே முன்வந்து' புத்தகங்களை லேமினேட் செய்துகொண்டதாக இருந்தது. செய்தியாக வந்திருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருப்பேன். விருந்தாளியாகப் போன இடத்தில் என்ன சொல்வது என்று தயங்கினேன். அவரே சொன்னார்: "மூணாவது வரி பொய். இல்லையா?"

"ஆமாம்," என்றேன்.

அவர் தன் லெட்டர்பேடில் கையால் எழுதினார். முகாமை நடத்தியது தான் என்றும், பக்கங்களைக் கழற்றியது தான் அமர்த்திய ஆட்கள் என்றும், தகவல் எதுவும் மாற்றப்படவில்லை என்றும், இதனால் படைவீரர்களுக்கு நேர்ந்த சிரமத்துக்குத் தானே பொறுப்பு என்றும். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சிபாரிசு கேட்டுப் போன ஏழுமலைக்குக் கிடைத்தது ஓர் ஒப்புதல் கடிதம்.

6

அதோடு அவர் நிறுத்தவில்லை. முகாமில் கலந்துகொண்டவர்களின் பதிவேடு பாபுவிடம் இருந்தது, பெயர், தொலைபேசி எண்ணோடு. வீட்டில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார். மாணவிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். பவித்ரா மூன்றாவது பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திருவள்ளூரிலிருந்து வந்த பிறகு அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அங்கிள், நான் நூம்பல்ல இருந்து பேசறேன். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் பண்ணிட்டீங்கல்ல? பயப்படாதீங்க, நானும் அதே கேஸ்தான்." நசரத்பேட்டையில் ஒருவர், ஆவடியில் இருவர் என்று ஞாயிறு மாலைக்குள் எங்களையும் சேர்த்து அதே சிக்கலில் இருந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்தன. நான்கு குடும்பங்களுக்குத் தங்கள் புத்தகத்தில் சிக்கல் இருப்பதே அந்தத் தொலைபேசி வரும்வரை தெரியாது.

ஞாயிறு காலை ஒஹையோவில் இருக்கும் என் மகள் நிலாவோடு வீடியோவில் பேசினேன். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு காலேஜுக்கு ஏன்பா இவ்ளோ பேர் போறீங்க?" என்றாள். அவள் கேட்டதில் கிண்டல் இல்லை. அவளுடைய கல்லூரி விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். எந்தப் பாடம் எடுத்தாள் என்பது அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அன்று அதைப் பெருமையாக நண்பர்களிடம் சொன்னேன். நூம்பலில் பவித்ராவின் விண்ணப்பக் கோப்பை வீட்டில் மூன்று பேர் மாறி மாறிச் சரிபார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, என் மகளின் விண்ணப்பத்தை நான் ஒரு முறைகூடத் தொட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

திங்கள் காலை ஒரு வேனில் போனோம். எம்.எல்.ஏ. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அலுவலகத்தில் அவர் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம், எண்ணினேன். கடிதத்தைக் கொடுத்தார், விதியை மீறி எதையும் கேட்கவில்லை என்றார், ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்க முடியுமா என்றார், நன்றி சொன்னார். அதிகாரி தாமும் முன்னாள் ராணுவத்தினர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'பெறப்பட்டது' என்று முத்திரை வைத்தார். லெட்டர்பேடில் மை நன்றாகப் பிடித்தது. பதினொன்றரைக்குள் ஏழு மின்னஞ்சல்கள் போயின.

செவ்வாய் மாலைக்குள் ஆறு பதில்கள் வந்தன. வராதது ஏழுமலையுடையது.

7

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே திருவள்ளூரில் இருந்தோம். ஏழுமலை, பவித்ரா, ஜெயராஜ், நான். பத்தரைக்கு இல்லை. பன்னிரண்டுக்கு இல்லை. ஜெயராஜ் வராந்தாவில் நின்று தெரிந்த பழைய எண்களுக்கெல்லாம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். சுமதி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்து ஒன்றும் கேட்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அலுவலகம் காலியானது. தேதிக்காக என்னைக் கிண்டல் செய்த எழுத்தர் மட்டும் டிபன் பாக்ஸைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தார்.

இரண்டு ஐம்பதுக்கு அவர் கையைத் தூக்கினார். "ஹவில்தார் ஏழுமலை. மகள் பவித்ரா. வந்துருச்சு."

தாமதத்துக்குக் காரணம் இன்றுவரை தெரியாது. ஏழுமலை எழுத்தருக்கு ஒரு சல்யூட் வைத்தார். எழுத்தர் சாப்பாட்டுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றரைக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தோம். கடைக்காரர் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நல்ல சர்டிபிகேட்டாச்சே, லேமினேஷன் போட்டுடலாமா என்று கேட்டார்.

"கைய வெச்சே, அவ்ளோதான் நைனா," என்றார் ஏழுமலை.

பவித்ரா சிரித்தாள். ஆறு நாளில் முதல் முறை. நான்கு மணி பதினேழுக்கு அவளே பதிவேற்றினாள். திரையில் பச்சை எழுத்தில் ஏற்பு வந்தது.

8

பாபு சொன்னது நடந்தது. நான் ஒஹையோ திரும்பிய பிறகு, ஆகஸ்டில், வேலப்பன்சாவடி மேம்பாலத் தூண்களில் எம்.எல்.ஏ.வின் படத்தோடு போஸ்டர் ஒட்டினார்கள்: ராணுவ வீரர்களின் ஆவணங்களைப் பாழாக்கியவர் பதவி விலக வேண்டும் என்று. எழுத்து மூலம் ஒப்புக்கொண்டாரே என்று அவருடைய கடிதத்தின் நகலையும் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு குடும்பங்களும் அந்தத் தூண்களில் ஒன்றுக்குப் போயின. கட்சிக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை, ஏழுமலைதான் மற்ற ஆறு பேருக்கும் சொன்னார். அப்பாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தொப்பி வைத்து, போஸ்டரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பிள்ளைகள் முன்னால், அவரவர் கல்லூரி அனுமதிக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு. அந்தப் படம் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அன்று மாலைக்குள் தொகுதி முழுக்கப் போய்விட்டது. இரண்டு நாளில், ஒட்டியவர்களே வந்து போஸ்டரைக் கிழித்தார்கள் என்று பாபு சொன்னாராம். கிழிக்க வேண்டாம், இருக்கட்டும் என்று ஏழுமலை தடுத்துப் பார்த்திருக்கிறார்.

ஏழுமலைக்குப் போன் செய்து, எம்.எல்.ஏ. என்ன சொன்னார் என்று கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, ஆறாவதாக நின்ற பையன் ஏன் சோகமாக இருக்கிறான், கேட்ட பாடம் கிடைக்கவில்லையா என்று விசாரித்தாராம். மறு சனிக்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆபீஸ் சுவரில் இப்போது கையெழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது: டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள்.

பவித்ராவுக்கு அரசுக் கல்லூரியில் சிவில் கிடைத்தது. வகுப்புப் பதிவேட்டில் அவளுடைய வரிசை எண் நாற்பத்தொன்று.